பிபிஎஃப் வட்டி: 5ஆம் தேதிக்குள் பணம், ஓராண்டுக்குள் படிவம்

கேள்வி: 2015 ஜூலையில் அஞ்சலகத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கினேன். அன்றைக்கு வட்டி 8.7 சதவீதம். இப்போது 7.1தான் தருகிறார்கள். சேர்ந்தபோது சொன்ன வட்டியைக் கேட்டுப் பெற வழி உண்டா?

பதில்: இல்லை. தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்கினால், வாங்கிய நாளின் வட்டி முதிர்வுவரை மாறாது. பிபிஎஃப் அப்படியல்ல. மத்திய நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் விகிதம், நீங்கள் என்றோ போட்ட பணத்துக்கும் இன்று போடும் பணத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும். 2016 ஏப்ரலில் 8.7 என்பது 8.1 ஆனது. 2018 ஜனவரியில் 7.6 வரை இறங்கி, அதே ஆண்டு அக்டோபரில் 8க்கு ஏறியது. 2020 ஏப்ரலில் 7.9இலிருந்து ஒரேயடியாக 7.1க்கு விழுந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அசையவில்லை. ஆகவே '15 ஆண்டில் இவ்வளவு கிடைக்கும்' என்று காட்டும் அட்டவணைகளை மதிப்பீடாக மட்டும் பாருங்கள்.

உங்கள் கணக்கு 2030 ஜூலையில் முதிராது. தொடங்கிய நிதியாண்டு முடிந்தபிறகுதான் 15 ஆண்டுகள் எண்ணப்படும். அதன்படி முதிர்வு 2031 ஏப்ரல் 1.

கேள்வி: மாதாமாதம் 12,500 ரூபாய் போடுகிறேன். சம்பளம் 7ஆம் தேதி வரும், அன்றே கட்டிவிடுவேன். 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். இரண்டு நாளில் என்ன குறைந்துவிடும்?

பதில்: ஒரு மாத வட்டி முழுதாகக் குறையும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி நாள்வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 7ஆம் தேதி போட்ட 12,500 அந்த மாதக் கணக்கிலேயே வராது. 5ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த ஆண்டில் போட்ட பணத்துக்கு மட்டும் 5,768.75 ரூபாய் வட்டி. 7ஆம் தேதி கட்டினால் 4,881.25. வித்தியாசம் 887.50. மொத்தம் 1,50,000 ரூபாயை ஏப்ரல் 5க்குள் ஒரே தவணையில் போட முடிந்தால் 10,650 கிடைக்கும். வருமான வரிக்காக மார்ச் கடைசி வாரத்தில் ஓடிப்போய்க் கட்டுகிறவர்களுக்கு அந்த ஆண்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

15 தவணைகளை 7.1 சதவீதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கட்டியவருக்குச் சுமார் 40.68 லட்சம், ஆண்டுக் கடைசியில் கட்டியவருக்குச் சுமார் 37.98 லட்சம். கட்டிய பணம் இருவருக்கும் அதே 22.5 லட்சம்தான்.

7ஆம் தேதி சம்பளக்காரர் என்ன செய்வது? பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்து, அடுத்த மாதம் 2 அல்லது 3ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். பிபிஎஃப் வட்டி குறையாது, இடைப்பட்ட நாட்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் கிடைக்கும். 5ஆம் தேதியையே குறித்து வைக்காதீர்கள், ஞாயிறாக இருந்தால் சிக்கல். காசோலையாகக் கொடுத்தால், கொடுத்த தேதி செல்லாது. பணம் வசூலான தேதிதான் கணக்கு. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள் என்பதையும் மனதில் வையுங்கள்.

பணம் எடுப்பதற்கும் இதே விதிதான். 25ஆம் தேதி எடுத்தால், அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி முழுதும் போய்விடும். அவசரமில்லை என்றால் அடுத்த மாதம் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுங்கள்.

வட்டி ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்றுதான் பாஸ்புக்கில் ஏறும். அப்போது சரிபாருங்கள்: ஏப்ரல் 1 அன்று 4 லட்சம் இருந்து, 4ஆம் தேதி 1.5 லட்சம் போட்டிருந்தால், 39,050 ரூபாய் வரவு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எந்தத் தேதியில் பணம் பதிவானது என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன். இனி பிபிஎஃப் வீண், எஃப்டியில் (வங்கி நிரந்தர வைப்பில்) போடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: பாதிதான் சரி. பிபிஎஃப்பில் போடும் பணத்துக்கு 80சி என்று நாம் பழகிய வருமான வரிக் கழிவு புதிய முறையில் கிடையாது. ஆனால் பிபிஎஃப் வட்டிக்கு இரண்டு முறையிலுமே வரி இல்லை. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி. 7.1 தரும் எஃப்டியில் உங்கள் கையில் நிற்பது 4.9கூட இல்லை. பிபிஎஃப்புக்கு ஈடாக வேண்டுமென்றால் எஃப்டி 10.3 சதவீதம் தர வேண்டும். வரியே கட்டாத வருமானம் என்றால் கதை வேறு. அப்போது 15 ஆண்டு முடக்கம் தேவையா என்று யோசிப்பது நியாயம்.

கேள்வி: கணக்கு 15 ஆண்டு முடிந்து முதிர்ந்துவிட்டது. பணம் உடனே தேவையில்லை. அப்படியே விட்டால் வட்டி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. புதிதாகப் பணம் போடாமல் விட்டால் நடப்பு விகிதத்தில் வட்டி ஓடும். நிதியாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக்காலத்துக்கு இது மிக நல்ல ஏற்பாடு.

தொடர்ந்து பணமும் போட விரும்பினால்தான் எச்சரிக்கை தேவை. முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் 4 கொடுத்து ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டும். படிவம் கொடுக்காமல், தானியங்கிக் கட்டளையை நிறுத்த மறந்து கட்டிக்கொண்டே போனால், அந்தப் புதிய தவணைகளுக்கு வட்டி கிடையாது. கெடு தாண்டிவிட்டால் பணம் போடும் வழிக்குத் திரும்பவும் முடியாது. படிவம் கொடுத்தபின் ஒப்புதல் முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் பெயரில் காப்பாளராக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒன்றரை லட்சம் போடலாமா?

பதில்: கூடாது. இரண்டுக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 1,50,000தான் வரம்பு. மிகுதிக்கு வட்டி தரமாட்டார்கள்.

கேள்வி: மூன்று ஆண்டாகப் பணமே கட்டவில்லை. கணக்கு செத்துவிட்டதா?

பதில்: இல்லை, இருப்புக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதிலிருந்து கடனோ பகுதிப் பணமோ எடுக்க முடியாது. விடுபட்ட ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 500, அபராதம் 50 வீதம் 1,650 ரூபாயும், இந்த ஆண்டுக்கான 500 ரூபாயும் கட்டினால் உயிர்பெறும். முதிர்வுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.