வெளிநாட்டில் வாங்கிய மீனை உயிரோடு வீடு சேர்ப்பது எப்படி? கேள்வி-பதில்

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தில் அலங்கார மீன்கள் வாங்க நினைக்கிறேன். "ஆக்சிஜன் அடைத்துத் தருகிறோம், லக்கேஜில் வைத்து எடுத்துப் போகலாம்" என்கிறார் கடைக்காரர். அப்படிக் கொண்டுவர முடியுமா?

பதில்: ஆக்சிஜன் அடைப்பது எளிது. பெரும்பாலும் சிக்கல் வருவது காகிதத்தில்தான். பணம் கொடுக்கும் முன் விசாரிக்க வேண்டியவை, இந்த வரிசையில்:

முதலில், மீன் போய்ச் சேரும் நாடு. அந்த இனத்துக்கு அங்கே அனுமதி உண்டா, பயணி கையில் கொண்டுவரலாமா, உரிமம் பெற்ற இறக்குமதியாளர் வழியாக மட்டும்தான் வரலாமா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் அனுமதிப் பட்டியலில் உள்ள இனங்கள் மட்டுமே நுழையலாம். அவற்றுக்கும் இறக்குமதி பெர்மிட்டும், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் குவாரன்டைனும் (நோய் உண்டா என்று பார்க்கத் தனியே வைப்பது) கட்டாயம். அமெரிக்காவில் கோய், தங்கமீன் போன்ற கெண்டை வகைகளுக்கு வேளாண் துறையின் பெர்மிட் தேவை. அவற்றைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்தான் காரணம்.

இரண்டாவது, வாங்கும் நாட்டின் ஹெல்த் சர்ட்டிஃபிகேட். கடையின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவது செல்லாது. அந்நாட்டு அரசின் கால்நடை அதிகாரி கையெழுத்திட்டது வேண்டும். அதில் உள்ள அறிவியல் பெயரும் எண்ணிக்கையும் பையில் உள்ள மீனோடு பொருந்த வேண்டும். "கலர் மீன் 6" என்று மட்டும் எழுதிய பில் எந்தக் கவுன்டரிலும் உதவாது.

மூன்றாவது, விமான நிறுவனம். பல நிறுவனங்கள் மீனைக் கேபினிலும் எடுக்காது, செக்-இன் பெட்டியிலும் எடுக்காது. கார்கோவில் மட்டுமே, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்கு விதிகளின்படி பேக் செய்திருந்தால் ஏற்கும். எடுப்பதாகச் சொன்னால் ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில், தெளிவான கலத்தில் தண்ணீரோடு இருக்கும் மீனைப் பரிசோதித்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். ஆனால் அது சோதனைச் சாவடியின் அனுமதிதான், விமானத்தினுடையது அல்ல. வழியில் விமானம் மாறினால் அங்கே மறுபடியும் சோதனை உண்டு. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியைக் காட்டி மீனைப் பறித்துக்கொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நேர் விமானம் கிடைக்காவிட்டால் கையில் கொண்டுவரும் எண்ணத்தையே விடுவது நல்லது. உங்கள் நாட்டில் உரிமம் உள்ள இறக்குமதியாளரிடம் அதே இனத்தைச் சொல்லி வரவழையுங்கள். செலவு கூடும்; மீன் பிழைக்கும்.

கேள்வி: அனுமதிகள் எல்லாம் கிடைத்துவிட்டன. வீடு வந்து சேர 20 மணி நேரம் ஆகும். பேக்கிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பையில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் கழிவிலுள்ள அம்மோனியா. ஆகவே பேக் செய்வதற்கு 24 மணி நேரம் முன்பிருந்தே இரை போட வேண்டாம் என்று கடையில் சொல்லிவையுங்கள். உள்ளங்கையை விடப் பெரிய மீனுக்கு 48 மணி நேரம். நன்றாக வளர்ந்த மீனுக்குப் பட்டினியால் ஒன்றும் ஆகாது. வயிறு நிறைந்த மீன் அம்மோனியாவில் தானே மூழ்கும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். தண்ணீரை நிறைய ஊற்றினால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்போது ஆக்சிஜனுக்கு இடம் குறைந்துவிடும். 2, 3 சென்டிமீட்டர் டெட்ராக்கள் போன்ற சின்ன மீன்கள் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து போதும். பெட்டா எனும் சண்டை மீன் தனித்தனிப் பையில்தான். பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. அவற்றுக்குச் சுத்த ஆக்சிஜன் தேவையில்லை, சாதாரணக் காற்றை அடைத்தால் போதும்.

பையை இறுக்கமாக உப்ப விடாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போலக் குறையக்கூடும். அப்போது அடைத்த வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். உள்பையைக் கட்டி, முடிச்சு கீழே வரும்படி தலைகீழாக வெளிப்பையில் போட்டால் மூலைகள் உருண்டுவிடும். கூரான மூலை இருந்தால் சின்ன மீன்கள் அதில் சிக்கி நசுங்கும். கோரிடோரஸ், பிளெகோ போன்ற முள்ளுள்ள கெளுத்தி வகைகளுக்கு இரு பைகளுக்கும் நடுவே நாலைந்து தாள் செய்தித்தாளைச் சுற்றுங்கள். கோரிடோரஸ் மிரண்டால் விஷம் கக்கும் என்பதால் வேறு இனத்தோடு ஒரே பையில் வேண்டாம்.

பிறகு தெர்மாகோல் பெட்டி. ஒழுகினால் தாங்க உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, பைகள் உருளாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கிய காகிதம். மூடியதும் உள்ளே இருட்டாகிவிடும், அதுதான் வேண்டும்; இருட்டில் மீன் அடங்கி, மூச்சு குறைவாக வாங்கும். ஹீட் பேக் வைப்பதானால் விமான நிறுவனம் சம்மதித்த பிறகு, காகிதத்தில் சுற்றி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பையைத் தொட்டால் அந்த இடத்துத் தண்ணீர் சுட்டுவிடும்.

மயக்க மருந்து வேண்டாம். அளவு கொஞ்சம் பிசகினால் செவுள் நின்றுவிடும், பெட்டிக்குள் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. நன்னீர் மீனுக்கு ஒரு சிறு வலைத்துணியில் ஜியோலைட் என்ற கனிமக் கற்களைக் கட்டிப் போடலாம், அம்மோனியாவைப் பிடிக்கும். கடல்நீரில் அது பயன்படாது. கரித்தூள் எதிலும் அம்மோனியாவை எடுக்காது.

கேள்வி: ஆசிய ஆரோவானா என்ற அலங்கார மீனுக்கு அடையாள மைக்ரோசிப்பும் பண்ணைச் சான்றிதழும் தருகிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. ஆசிய ஆரோவானா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பண்ணைச் சான்றிதழ் அது பண்ணையில் பிறந்தது என்பதற்கான ஆதாரம் மட்டுமே. நாட்டைத் தாண்ட, விற்கும் நாட்டு அரசின் சைட்டிஸ் ஏற்றுமதி பெர்மிட் தனியாக வேண்டும். சிப் எண் அதில் அப்படியே இருக்க வேண்டும். கடையிலேயே ரீடர் வைத்துப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். அமெரிக்காவைப் போல இந்த மீனுக்குத் தடை உள்ள நாடுகளில் இவை எல்லாம் இருந்தும் பயனில்லை. கடல்குதிரை, கல் பவளம், பொட்டமோட்ரைகான் எனும் நன்னீர்த் திருக்கை, வரிக்குதிரை பிளெகோ ஆகியவையும் சைட்டிஸ் பட்டியலில் உண்டு.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: பக்கத்துக் கடையிலிருந்து அரைமணியில் வந்த மீனுக்கு அதில் தவறில்லை. நெடுநேரம் பையில் இருந்த மீனுக்கு ஆபத்து. மீன் விட்ட கரியமில வாயு தேங்கி பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாக மாறும். 25 டிகிரியில், பிஎச் 7-இல் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் விஷப் பங்கு பிஎச் 8-இல் 5 சதவீதத்தைத் தாண்டும்.

அதனால் பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு திறந்து, உடனே மீனை மட்டும் வலையில் வடித்து விடுங்கள். இதற்காகவே, வாங்கும்போது கடையில் தண்ணீரின் பிஎச், கடினத்தன்மை, கடல்மீனானால் உப்பின் அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்கி, புது மீனுக்கான தனித் தொட்டியை முன்கூட்டியே அதற்கு ஏற்றபடி தயாராக வையுங்கள். நாலு வாரம் தனித் தொட்டி, அதற்கென்று தனி வலை. வந்து சேர்ந்த அன்றைக்கு விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம். பைத் தண்ணீரில் பிளீச் கலந்து கழிப்பறையில் ஊற்றுங்கள்; குளம், ஓடை பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வந்து சேரும்போது இரண்டு மீன் செத்திருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கடையோ ஏற்றுமதியாளரோ கார்கோவில் அனுப்பும்போது, "உயிருடன் சேரும்" என்ற உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்கியிருந்தால் கேட்கலாம். எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பையைப் பிரிக்கும் முன்பே செத்த மீன் தெளிவாகத் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். பிரித்த பிறகு எடுத்ததைப் பலர் ஏற்பதில்லை. மீன் விலை மட்டுமா, சரக்குக் கூலியும் சேர்த்தா என்பதையும் முன்பே கேளுங்கள், பெரும்பாலும் கூலி திரும்பாது. நீங்களே கையில் கொண்டுவந்தவற்றுக்கும், சுங்கத்தில் பறிமுதலானவற்றுக்கும் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார்.