மஞ்சள் அட்டையில் இருக்கும் எண் யாருடையது?

கேள்வி: லண்டனில் ஒரு ஹீட்டிங் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக கேஸ் இன்ஜினியராக வேலை செய்கிறேன். வாடகை வீடுகளுக்கான வருடாந்தர கேஸ் பாதுகாப்புச் சோதனையைச் சொந்தத் தொழிலாகச் செய்ய விரும்புகிறேன். வருடத்துக்கு 300 வீடுகள் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முதல் சில மாதங்களுக்குத் தனக்குத் தெரிந்த ஒருவரின் பதிவு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இப்போதைக்குச் சனி, ஞாயிறுகளில் தொடங்கலாமா? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம், தம்பி. இந்தச் சனிக்கிழமை எந்த வீட்டு மீட்டரையும் தொடாதீர்கள்.

உங்கள் பையில் இருக்கும் மஞ்சள் நிற கேஸ் சேஃப் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உங்கள் உரிம எண். மற்றது உங்கள் முதலாளியின் பதிவு எண். ஏசிஎஸ் என்ற கேஸ் இன்ஜினியர் தேர்வில் பெற்ற தகுதி உங்களுடையது, எங்கே போனாலும் கூடவே வரும். ஆனால் கேஸ் வேலை செய்பவர்களின் சட்டப்பூர்வப் பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் பதிவு செய்வது தொழிலை. நீங்கள் அந்தத் தொழிலின் கீழ் இருக்கும் ஒரு பெயர். முதலாளி அனுப்பிய வேலைக்குத்தான் அந்த அட்டை செல்லும். உங்கள் கணக்கில் ஒரு குக்கரைச் சோதித்துக் காசு வாங்கினால், அந்த நேரத்தில் நீங்கள் பதிவில்லாத ஆள். சட்டப்படி அது குற்றம்.

வழி இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே உங்கள் பெயரில் தனிப் பதிவு எடுக்கலாம். அதற்கு வேறு அட்டை வரும். முதலில் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். எந்தெந்தக் கருவியில் கைவைக்கலாம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். பாய்லரும் குக்கரும் மட்டும் இருந்தால், வரவேற்பறையில் பழைய கேஸ் ஃபயர் உள்ள வீட்டுச் சோதனையை உங்களால் முடிக்க முடியாது.

இனி அந்த ஏஜென்ட். பதிவு எண்ணை இரவல் தருகிறேன் என்பவரோடு தொழிலே வைத்துக்கொள்ளாதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். எண் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்றால் அந்தச் சான்றிதழ் பொய். கார்பன் மோனாக்சைடு கசிந்து அந்த வீட்டில் ஒரு குழந்தை மயங்கி விழுந்தால் விசாரணை உங்கள் கையெழுத்தைத் தேடித்தான் வரும். அன்று ஏஜென்ட் உங்கள் தொலைபேசி அழைப்பைக்கூட எடுக்க மாட்டார். நான் தனியாக வந்த முதல் வருடத்தில் ஓர் ஏஜென்ட் என்னிடம், "ஆள் வீட்டில் இல்லை, போன வருட அளவுகளையே எழுதி அனுப்புங்கள்" என்றார். மறுத்தேன். அதோடு அவர் தந்த வீடுகள் நின்றன. இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.

300 வீடு என்ற எண்ணில் மயங்காதீர்கள். ஒரு வீட்டுக்கு 40 பவுண்டு என்று வையுங்கள்: மொத்தம் 12,000. வேன், டீசல், பார்க்கிங், காப்பீடு, பதிவுக் கட்டணம், புகை வாயுவை அளக்கும் அனலைசரை வருடம் ஒருமுறை சரிபார்க்கும் செலவு எல்லாம் அதற்குள். வேன் பழைய டீசல் என்றால் லண்டனுக்குள் ஓடும் ஒவ்வொரு நாளும் மாசு வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் 12.50 பவுண்டு. அந்த விலைக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் இருபது நிமிடத்தில் வெளியே வர வேண்டும். நேர்மையான சோதனை இருபது நிமிடத்தில் முடியாது. கசிவுச் சோதனையை மட்டும் எடுங்கள். மீட்டரில் மானோமீட்டர் என்ற நீர்க்குழாய் அழுத்தமானியை மாட்டி, மூடிய வால்வு கேஸை உள்ளே விடுகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பிறகு அழுத்தத்தை 20 மில்லிபாருக்கு ஏற்றி, நிலைக்க ஒரு நிமிடம், அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து அந்த நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடங்களைத்தான் அவசரக்காரர்கள் திருடுகிறார்கள். புகைபோக்கி, காற்றோட்டம், எரியும் அழுத்தம், பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

என் கோபம் இங்கேதான். 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை, குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் நகல், புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பே நகல் என்று 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் கவுன்சில் உரிமம் தேவைப்படாத ஒரு சாதாரண வாடகை வீட்டின் சான்றிதழை வாங்கிச் சரிபார்க்க ஓர் அலுவலகம் கிடையாது. விபத்து நடந்த பிறகுதான் புரட்டுகிறார்கள். கேஸ் சேஃப்புக்கு முன்பு இருந்த கோர்கி பதிவு 2009இல் முடிந்துபோனது. இந்தச் சான்றிதழுக்கு அதன் படிவப் பெயரான சிபி12 என்பதைத்தான் எல்லோரும் இன்னமும் கேட்கிறார்கள். பெயரே பழையதாக நிற்கும் இடத்தில் உள்ளே எழுதியிருப்பதை யார் படிக்கப்போகிறார்கள்?

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் தவறாமல் இடறும் இடம் இது. குடியிருப்பவர் தன் சொந்தக் குக்கரைக் கொண்டுவந்திருந்தால், அதைச் சோதிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு இல்லை. ஏஜென்டும் "அதைப் பார்க்க வேண்டாம்" என்பார். சரி. ஆனால் சுவருக்குள் வரும் குழாய் வீட்டுக்காரருடையது. குடியிருப்பவரின் சொந்தக் கருவிக்கு மட்டுமே பயன்படும் புகைபோக்கி வீட்டுக்காரர் கணக்கில் வராது. குக்கருக்குப் பின்னால் ரப்பர் குழாய் வெடித்திருப்பது கண்ணில் பட்டால், "என் பட்டியலில் இல்லை" என்று திரும்பி வர முடியாது. ஆபத்து என்று சொல்லி, அனுமதி கேட்டுத் துண்டித்து, சிவப்பு எச்சரிக்கைச் சீட்டைக் கட்டி, எழுதிக் கொடுங்கள். துண்டிக்க விடவில்லை என்றால் அங்கேயே நின்று 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். சான்றிதழில் அந்தக் குக்கர் குடியிருப்பவருடையது, சோதிக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் பிறகு அதை நீங்கள் சோதித்ததாகவே சொல்வார்கள்.

சோதனை வேறு, சர்வீஸ் வேறு. இரண்டையும் ஒரே விலைக்குள் அடக்கப் பார்ப்பார்கள். விலைப்பட்டியலில் தனித்தனியே போடுங்கள். கதவு திறக்காமல் திரும்பினாலும் ஒரு கட்டணம் உண்டு என்று முன்பே எழுதி வாங்குங்கள். வந்து போன தேதி, நேரம் குறித்த சீட்டை விட்டு வாருங்கள். நியாயமான முயற்சிகள் எல்லாம் செய்ததாகக் காட்ட வீட்டுக்காரருக்கு அது தேவைப்படும்.

வரி விஷயம் எளிது. சொந்தத் தொழிலின் வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரியாண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதியுங்கள். முதல் ஜனவரி 31 அன்று அந்த வருட வரியோடு, அடுத்த வருடத்துக்கு முன்பணமாகப் பாதியையும் சேர்த்துக் கேட்கக்கூடும். மீதிப் பாதி ஜூலை 31இல். வரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கை முதல் வாரத்திலிருந்தே வேறு கணக்கில் போட்டு வையுங்கள்.