கூட்டம் கலைந்த பிறகு

அன்புள்ள அக்கா,

2007 நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் என்ற அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்கு அப்பா போயிருந்தார். கண்ணீர்ப்புகையில் கண்ணெரிந்து வீடு திரும்பியதை இன்றும் சொல்வார். 2020-இல், போலீஸ்காரரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக அமெரிக்கர்கள் தெருவில் இறங்கியதை நான் கைப்பேசியில் பார்த்தேன். இரண்டும் அடங்கிவிட்டன. தெருவில் நின்றதில் என்ன மிச்சம்?
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கண்ணெரிச்சல் வீண் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காக எழுந்து இடம்விட மறுத்தது எல்லாருக்கும் தெரியும். அவர் 1943-லேயே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் கிளைச் செயலாளராகி, வன்முறைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களை எழுதி வாங்கியவர். அப்புறம் 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பேருந்தே ஏறவில்லை. வேலைக்கு எப்படிப் போனார்கள்? கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஏற்றிப்போனார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி கோழி பொரித்து, கேக் சுட்டு விற்று, காசைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அவரோடு சமைத்த பெண்கள், வேலை போய்விடும் என்று பெயரைக்கூட வெளியில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் போராட்டம் என்றாலே அந்த அடுப்புதான் நினைவுக்கு வரும்.

உங்கள் ஊரையே பாருங்களேன். 2008 மார்ச் பொதுத்தேர்தலில் அங்கே, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரும் அமைச்சருமாக இருந்த சாமிவேலு தோற்றார். பேரணி எழுப்பிய அலை என்றார்கள். அலை உண்மைதான். ஆனால் ஜெயித்த டாக்டர் ஜெயக்குமார் அதே தொகுதியில் 1999-லும் 2004-லும் தோற்றவர். அந்த வருடங்களில் எல்லாம் அவரும் கூட இருந்தவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய், வீட்டுப் பிரச்சினை, சம்பளப் பிரச்சினை என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பாட்டியோடு, அவர் பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் வாங்க ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். பையனுக்கு 11 வயது. பாட்டி கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பை. அதற்குள் மருத்துவச்சி எழுதிக்கொடுத்த, மடித்து மடித்துக் கிழிந்த துண்டுத்தாள். நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டு. ஐந்தாம் முறை, எந்தத் தேதியில் எந்தக் கவுன்டரில் என்ன கேட்டார்கள் என்று எழுதிவைத்த நோட்டை மேசைமேல் விரித்து வைத்தேன். அன்றைக்குத்தான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். அந்த நோட்டு இப்போது பக்கத்து லயத்துப் பெண்ணிடம் இருக்கிறது, அவள் தங்கைக்காக.

உங்கள் பக்கத் தோட்டங்களிலும் அப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள். அவர் வருவார்.