பதில்: ஆய்விதழிலிருந்து ஐந்து மாதமாகப் பதில் இல்லை, ஆய்வுக் கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பலாமா?

இப்போது அனுப்பக் கூடாது. நீங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றதை முதல் இதழ் எழுத்தில் உறுதி செய்யும்வரை கட்டுரை அவர்கள் கையில் இருப்பதாகவே கணக்கு. நீங்கள் மெயில் போட்டு, அவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அது உறுதி ஆகாது.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மதிப்பாய்வாளர் (கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை நிபுணர்) கிடைக்காததுதான். கட்டுரையைச் சமர்ப்பித்த தளத்தில் நுழைந்து நிலையைப் பாருங்கள். 'அண்டர் ரிவ்யூ' (மதிப்பாய்வில் இருக்கிறது) என்றிருந்தால் பொறுப்பது நல்லது. 'வித் எடிட்டர்' (பதிப்பாசிரியரிடம் இருக்கிறது) என்றே நின்றால் இன்னும் மதிப்பாய்வாளர் யாரும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். ஸ்பேமையும் பாருங்கள், இணை ஆசிரியர் ஒருவர் உறுதிப்படுத்தும் லிங்க்கை அழுத்தாததால் கட்டுரை நகராமல் கிடப்பதும் உண்டு.

1. கட்டுரை எண்ணை மெயில் தலைப்பில் போட்டு நிலையைக் கேளுங்கள். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்.
2. பதில் இல்லையென்றால், இணை ஆசிரியர்கள் எல்லோரும் சம்மதித்ததைக் குறிப்பிட்டு, திரும்பப் பெறும் கடிதத்தைத் தலைமைப் பதிப்பாசிரியருக்கு அனுப்புங்கள். பதிப்பகத்துக்கும் நகல் போகட்டும்.
3. உறுதி வந்த பிறகே அடுத்த இதழ்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கும் அனுப்பினால் "யாருக்குத் தெரியப் போகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கட்டுரைகளோடு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் வெளிவராத கட்டுரையைப் பிடிக்காமல் விடலாம். ஆனால் சின்னத் துறையில் இரண்டு இதழ்களும் ஒரே மதிப்பாய்வாளரிடம் போய் நிற்கலாம், மாட்டுவது அங்கேதான். இரண்டிலும் நிராகரிப்பார்கள், உங்கள் நிறுவனத்துக்குக் கடிதமும் போகலாம்.

ப்ரீபிரிண்ட் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் பொதுவில் வைக்கும் பிரதி) போட்டிருந்தால் அது இரண்டு இதழ்களுக்கு அனுப்பியதாகக் கணக்கில் சேராது. பல இதழ்கள் ஏற்கின்றன, விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: திரும்பப் பெறக் கட்டணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். போலி இதழ்கள் பணம் பிடுங்கும் வழி அது. மெயில்களை எல்லாம் சேமித்து வையுங்கள், அடுத்த இதழின் பதிப்பாசிரியரிடம் நடந்ததை முன்கூட்டியே சொல்ல உதவும்.