மீனவ கிராமம் டூரிஸ்ட் ஊரா மாறினா ஊர்க்காரங்களுக்கு லாபமா நஷ்டமா?

கேட்டவர் ஈசிஆர் பக்கம் நிலம் வச்சிருக்கீங்க, விக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறீங்க, சரியா? நில விலை எனக்குத் தெரியாது. நான் வாக்கப்பட்ட ஊரைச் சொல்றேன்.

மொரீசியஸ் வடக்குல கிராண்ட் பே. இப்ப வந்தா டூரிஸ்ட் ஏத்துற கேட்டமரான் படகு, மால், பார் இதான் தெரியும். என் மாமனார் சின்ன வயசுல அது மீன்புடிக்கிற ஊரு. மாமா மூங்கில் பிளாச்சுல மீன்கூடு பின்னுவார், கடலுக்கடியில வச்சு மீன் புடிக்கிற பொறி, கீழக்கரையில எங்க தாத்தா மரக்குச்சியில கட்டுவாரே அதே வடிவம், முதல்ல பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

சட்டப்படி இங்க அலை ஏறுற வரைக்கும் கரை எல்லாருக்கும் பொது. அதுக்கு மேல 81 மீட்டர் பட்டையா பெரும்பாலும் அரசாங்க நிலம், பா ஜியோமெட்ரிக்னு பேரு, அதைத்தான் ஹோட்டலுக்கும் பங்களாவுக்கும் குத்தகைக்கு விடுறாங்க. அப்ப கூட்டை எங்க காயவைக்கிறது? நாலு வருஷம் முன்னாடி மாமா வழக்கமா வைக்கிற சவுக்கு மரத்தடியில வச்சார், பின்னாடி புதுசா ஒரு வில்லா வந்துருச்சு, செக்யூரிட்டி பையன் ஓடி வந்து "தொந்தோன், நாத்தம் அடிக்குதுன்னு கெஸ்ட் சொல்றாங்க, எடுத்துருங்க"ங்கிறான். தொந்தோன்னா இங்க பேசுற கிரியோல் மொழியில மாமா. மூச்சடக்கி முங்கி கூடு தூக்க அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஒரு வார்த்தை பேசல, ஈரக்கூட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டார், சட்டையெல்லாம் பாசி.

உடனே "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு கமெண்ட் போட வராதீங்க, என் சம்பளமும் ஹோட்டல் லாண்டரியில இருந்துதான் வருது, அந்தப் பையனுக்கும் அதுதான் சோறு. அவனைக் குத்தம் சொல்லல.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனா சொல்லியே ஆகணும். ஊர்ல இருந்து ஹனிமூன் வர்ற சொந்தக்காரங்க "இங்க தமிழருக்குத் தமிழே தெரியலையே"ன்னு சிரிக்கிறாங்க. 1998ல மொரீசியஸ் ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழ இறக்கினப்ப இதே சனம்தான் சண்டை போட்டு அந்த நோட்டையே திரும்ப எடுக்க வச்சுது. சிரிச்சுட்டு அடுத்த நிமிஷம் "ரூம் டிஸ்கவுண்ட் கிடைக்குமா"ம்பாங்க!

நிலத்தை வித்தாலும் படகு இறக்குற வழியையும் வலை காயப்போட ஒரு துண்டு இடத்தையும் பத்திரத்துல எழுதி வாங்கிக்கோங்க. மாமாவோட கூடு இப்ப மொட்டைமாடியில தண்ணி டேங்க் பக்கத்துல கிடக்கு. துணி கிளிப் போட்டு வச்சிருக்கேன்.