கவுண்டர் அளவுக்குச் செய்த பெட்டி

கேள்வி: என் பெயரைப் போலவே ஒரு பெயர் ஏதோ ஒரு தடைப் பட்டியலில் இருக்கிறதாம். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை வங்கி பன்னிரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டது. காரணம் கேட்டால் கவுண்டரில் இருந்த பெண் வாயே திறக்கவில்லை. நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். கோடி கோடியாகக் கடத்துகிறவனை விட்டுவிட்டு என்னைப் போன்ற நேர்மையானவனைப் படுத்துவதற்குத்தானா இந்தச் சட்டமெல்லாம்?

பதில்: முதலில் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். ஒரு வாடிக்கையாளரின் பணத்தைச் சந்தேகித்து வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை அவரிடம் சொல்வது பெரும்பாலான நாடுகளில் குற்றம். பணச்சலவையை, அதாவது குற்றப் பணத்தை நல்ல பணமாக மாற்றுவதை, தடுக்க விதி வகுக்கும் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் 40 பரிந்துரைகளில் 21ஆவது இதைத்தான் சொல்கிறது. உங்கள் மீது அறிக்கை போயிருக்கவேண்டும் என்பதில்லை; வெறும் பெயர்க் குழப்பமாகவே இருக்கலாம். இரண்டில் எது என்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி வேலையை இழப்பதைவிட, உங்களிடம் திட்டு வாங்குவது மேல் என்று அவர் நினைத்திருப்பார்.

அடுத்து, 'நேர்மையானவன்' என்கிறீர்கள். இருக்கலாம். அது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லையே. தடைப் பட்டியல் என்பது, பணம் போகக்கூடாது என்று அரசுகளும் ஐ.நா.வும் குறித்துவைத்த பெயர்களின் பட்டியல். அதோடு உங்கள் பெயரை ஒப்பிடும் கணினிக்குத் தெரிவது எழுத்துகள் மட்டும். தமிழிலேயே முகமது, முகம்மது, முஹம்மத் என்று ஒரு பெயரை மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது முப்பதாகும். அத்தனை எழுத்துக்கூட்டையும் பிடிக்கவேண்டும் என்பதற்காக வலையை அகலமாக விரிக்கிறார்கள். அகல விரித்த வலையில் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம் விழுவார்கள். பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து, பிறந்த தேதி பார்த்து, ஒவ்வொருவராக எடுத்து வெளியே விடவேண்டும். அந்த மனிதர்களைப் போதுமான எண்ணிக்கையில் வைக்க வங்கிக்கு மனம் வராது. உங்கள் பன்னிரண்டு நாள் பெரும்பாலும் அந்த வரிசையில் கழிந்திருக்கும்.

அந்தப் பெண்ணைத் திட்டியது தவறு. சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. நீங்கள் நினைப்பதைவிடவும் சரி.

எச்எஸ்பிசி வங்கியின் மெக்சிகோ கிளைகளில் நடந்ததைக் கேளுங்கள். போதைப்பொருள் கும்பல்காரர்கள் ஒரே நாளில், ஒரே கணக்கில், லட்சக்கணக்கான டாலரை ரொக்கமாகக் கட்டினார்கள். கவுண்டர் ஜன்னலின் நீள அகலத்தை அளந்து, அதற்குள் கச்சிதமாக நுழையும்படி பெட்டி செய்துகொண்டு வந்தார்கள். இது அமெரிக்க நீதித்துறையின் ஆவணத்தில் உள்ள செய்தி. ஜன்னலை அளக்க ஆள் வந்தபோது எந்தக் கணினியும் மணி அடிக்கவில்லை. 2012இல் வங்கி 190 கோடி டாலர் கட்டியது. நிபந்தனை போட்டு வங்கி மீதான வழக்கை ஒத்திவைத்தார்கள்; அதிகாரிகள் எவர் மீதும் குற்றவழக்கு இல்லை.

சரி, அது அலட்சியம் என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸின் பிஎன்பி பரிபா வங்கி செய்தது வேறு வகை. அமெரிக்கா தடை விதித்திருந்த சூடான், ஈரான், கியூபா தரப்புகளுக்குப் பணம் போகும்போது, பரிமாற்றச் செய்தியிலிருந்து அந்தப் பெயர்களையே நீக்கிவிட்டார்கள். பெயர் இல்லாத செய்தியைச் சல்லடை எப்படிப் பிடிக்கும்? உங்கள் மகன் உங்கள் பெயரை ஒழுங்காக எழுதி அனுப்பினார், மாட்டிக்கொண்டீர்கள். எழுதாமல் விடத் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் தப்பித்தார்கள். 2014இல் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய 900 கோடி டாலர் இழந்தது.

கனடாவின் டிடி வங்கியுடைய அமெரிக்கப் பிரிவின் கதை இன்னும் கசப்பு. 2018 தொடக்கத்திலிருந்து 2024 ஏப்ரல் வரை, நடந்த பரிவர்த்தனைகளின் மதிப்பில் 92 சதவீதத்தை அவர்களுடைய கண்காணிப்புக் கணினி பார்க்கவே இல்லை, ஏறத்தாழ 18.3 லட்சம் கோடி டாலர். ஒரு கும்பல் 47 கோடி டாலருக்கு மேல் அந்த வங்கி வழியாக ஓட்டியது. ஊழியர்களுக்கு 57,000 டாலருக்கும் அதிகமாகப் பரிசு அட்டைகள் கொடுத்தே காரியம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், கீழே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இது பணச்சலவை இல்லாமல் வேறென்ன என்று ஓர் ஊழியர் கேட்க, சந்தேகமென்ன, நூறு சதவீதம் அதுதான் என்று உள்ளிருந்தே இன்னொருவர் பதில் எழுதியிருக்கிறார். கண்காணிப்புக்கான செலவு வருடா வருடம் ஏறக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். அபராதம் 300 கோடி டாலருக்கு மேல். அதுவும் யார் பணம்? பங்குதாரர் பணம்.

எனவே சட்டம் இல்லை என்பது என் புகார் அல்ல. சட்டம் பிடிக்கும் கழுத்து எது என்பதுதான் புகார். வங்கி பயப்படுவது திருடனுக்கு அல்ல, கோப்பைப் புரட்ட வரும் ஆய்வாளருக்கு. கோப்பில் உங்கள் அடையாள அட்டை நகல் மூன்று இருந்தால் அவருக்குத் திருப்தி. உங்களிடம் மூன்றாவது முறையாகக் கேட்பது செலவில்லாத வேலை. ஒரு லெட்டர்பேடு நிறுவனத்தின் பின்னால் உண்மையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தோண்டுவது செலவுள்ள வேலை, நல்ல வாடிக்கையாளரை இழக்கும் வேலையும்கூட. கையெழுத்துப் போட்ட தனிமனிதர் சிறைக்குப் போவது அபூர்வம். பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ நாணயச் சந்தையின் நிறுவனர் சாங்பெங் ஜாவோவுக்கு, பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தை மீறியதற்காக, 2024இல் நான்கு மாதச் சிறை கிடைத்தது. 2025இல் அமெரிக்க அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது.

பட்டியலில் தவறாகச் சேர்த்துவிட்டால்? பெயர் ஒற்றுமை அல்ல, பெயரே. சவூதித் தொழிலதிபர் யாசின் காதியை 2001இல் ஐ.நா.வின் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் போட்டார்கள். ஆதாரம் என்ன என்று அவரிடம் சொல்லாமலே சொத்தை முடக்கியது செல்லாது என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஐ.நா. பெயரை எடுத்தது 2012இல். இடையில், 2009இல்தான், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் முறையிட ஒரு குறைதீர் அதிகாரி பதவியே உருவானது. உங்களுக்குப் பன்னிரண்டு நாள். அவருக்குப் பதினோரு வருடம்.

இனி செய்யவேண்டியது. வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: பிறந்த தேதி, பிறந்த இடம், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதி, 'பட்டியலில் இருப்பவர் நான் அல்ல என்று உறுதியானதைப் பதிவில் வைக்கவும்' என்று கேளுங்கள். தவறாகச் சிக்கியவர்களை அப்படிக் குறித்துவைக்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு. கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள். உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே, இனிஷியலை விரித்து எழுதும்படி மகனிடம் சொல்லுங்கள். பட்டியல் புதுப்பிக்கப்படும்போது மறுபடி சிக்கக்கூடும். அதனால் கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை குத்தித் தரப்போகிறவர் அநேகமாக அதே பெண்தான். இந்த முறை பார்த்துப் பேசுங்கள்.