‘ஸ்புல்சி’ என்றால் கடற்கொள்ளையா?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கப்பல் வழக்கு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். சரக்கைப் பறித்ததை ஆவணம் ‘ஸ்புல்சி’ என்கிறது. ‘கடற்கொள்ளை’ என்றே போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் உச்சரிப்பு: அது ‘ஸ்பூலி’. நடுவில் இருப்பது இசட் இல்லை, ‘யோக்’ என்ற பழைய எழுத்து. அச்சகங்களில் அதற்கு அச்சு இல்லாததால் உருவத்தில் நெருங்கிய இசட்டைக் கோத்துவிட்டார்கள். மென்சிஸ் என்ற குடும்பப் பெயரை அங்கே ‘மிங்கிஸ்’ என்பதும் இதனால்தான். கோழிக்கோட்டை ஆங்கில எழுத்தில் படித்துக் குழம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான்.

அடுத்து பொருள். இது பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆங்கில ‘ஸ்பாயில்’ இதன் பங்காளி. உடைமைக்காரர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் அசையும் பொருளை எடுத்துக்கொண்டு போனால் அது ஸ்பூலி. தொழுவத்து மாட்டை ஓட்டிப்போனாலும் சரி, கப்பலிலிருந்து துணிப்பொதியை இறக்கிக்கொண்டாலும் சரி, அதே சொல்தான். வழக்குப் போட்டவர் கேட்டது பெரும்பாலும் தூக்குத் தண்டனையை அல்ல. பொருளைத் திருப்பிக் கேட்டார், கூடவே அது தன் கையில் இருந்திருந்தால் அதிகபட்சம் எவ்வளவு சம்பாதித்திருப்பாரோ அந்த லாபத்தையும் கேட்டார். ஆகவே ‘சூறையாடல்’ அல்லது ‘வன்பறிப்பு’ என்று எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதில் ஊரே எரிகிற வாடை வருகிறது.

‘கடற்கொள்ளை’யை ‘பைரசி’ என்ற சொல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது உயிர் போகிற குற்றம். 1705இல் கேப்டன் தாமஸ் கிரீனையும் அவருடைய ஆட்கள் இருவரையும் எடின்பரோ அருகேயுள்ள லீத் கடற்கரை மணலில் தூக்கிலிட்டது அந்தக் குற்றத்துக்காகத்தான். மலபார் கரையோரம் ஒரு ஸ்காட்லாந்துக் கப்பலைப் பிடித்தார்கள் என்பது புகார். அவர்கள் பிடித்ததாகப் பலரும் நம்பிய ‘ஸ்பீடி ரிட்டர்ன்’ கப்பலோ மடகாஸ்கரில் வேறு கொள்ளையரிடம் சிக்கியிருந்தது.

இன்னொன்று: ஆவணம் யார் தரப்பில் எழுதப்பட்டது என்று பாருங்கள். 1511இல் ஆங்கிலேயரோடு நடந்த கடற்சண்டையில் இறந்த ஸ்காட்லாந்து மாலுமி ஆண்ட்ரூ பார்ட்டன், போர்த்துக்கீசியக் கப்பல்களைப் பிடிக்கத் தன் நாட்டு மன்னரிடம் உரிமைக் கடிதம் வாங்கியவர். ஆங்கிலேயருக்கு அவர் கொள்ளைக்காரர், எடின்பரோவில் மன்னரின் மாலுமி. உங்கள் வழக்கிலும் பிரதிவாதி அப்படியொரு கடிதத்தைக் காட்டினால், அவர் வாயில் ‘பறிப்பு’ என்ற சொல்லே வரக்கூடாது. ‘கைப்பற்றினோம்’ என்றுதான் அவர் பேசுவார்.